நடுச்சுவர்த் தண்ணீர்

குற்றாலிங்கம் தன் வாழ்நாளில் பாதியைப் பற்பசை விற்றே கழித்தவர். நாகர்கோவிலிலிருந்து கோவில்பட்டி வரை அவர் ஏறி இறங்காத கடைப்படி இல்லை. டியூபின் முதுகில் பொடி எழுத்தில் ‘நீரேறிய சிலிக்கா’ என்று அச்சடித்திருக்கும். அது என்ன சரக்கு என்று எந்தக் கடைக்காரராவது கேட்டால், “மணல்தான் அண்ணாச்சி, கொஞ்சம் படிச்ச மணல்” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆர்டரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளாமலேயே ஓய்வும் பெற்றுவிட்டார்.

பையில் மாதிரி டியூப்கள் இருக்கிறதோ இல்லையோ, எவர்சில்வர் பிளாஸ்க் ஒன்று எப்போதும் இருக்கும். வேறு யார் வீட்டிலும் அவர் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. கேட்டால் தொண்டை சரியில்லை என்பார். விசித்திரமான தொண்டை அது. அதற்கு கலர் சோடா ஒத்துக்கொண்டது, பாட்டில் மோர் ஒத்துக்கொண்டது, இன்னொரு வீட்டுத் தம்ளர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அது என்ன வியாதி என்று எல்லோருக்கும் தெரியும்; யாரும் பெயர் சொல்வதில்லை. அதெல்லாம் அந்தக் காலம், இப்போது யார் பார்க்கிறார்கள் என்று எல்லோரும் சேர்ந்து சொல்லிக்கொண்டிருந்த காலம். தாமிரபரணி கடல் வரைக்கும் வருவது நின்று, லாரித் தண்ணீரும் நின்றுபோயிருந்தது. தொண்டை நோய் மட்டும் நிற்கவில்லை.

தூத்துக்குடிக்குத் தெற்கே, தருவைக்கரையில், வீட்டுவசதி வாரியம் இரட்டை வீடுகள் கட்டி விட்டபோது குலுக்கலில் அவருக்கு ஒன்று விழுந்தது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு பொதுச்சுவர். குழாய் கிடையாது, கிணறு கிடையாது. அந்தச் சுவர்தான் தண்ணீர்.

சாவி கொடுத்த அன்று பந்தலில் ஒரு பெண் பொறியாளர் மைக்கைப் பிடித்தாள். பெயர் ராபியா. காயல்பட்டினத்துக் கல் வியாபாரி வீட்டுப் பெண். மேசை மேல் ஒரு பற்பசை டியூபையும், மாத்திரை டப்பாவுக்குள் கிடக்கும் சின்னப் பொட்டலம் ஒன்றையும் எடுத்து வைத்தாள். தன் விரலில் கிடந்த வானவில் மின்னும் கல் மோதிரத்தையும் கழற்றி வைத்தாள்.

“இது மூணும் ஒரே வீட்டுப் பிள்ளைங்கதான். மணலும் தண்ணியும் கட்டிக்கிட்டுப் பெத்த பிள்ளைங்க. பற்பசையில இருந்தா பல்லைத் தேய்க்கும். பொட்டலத்துல இருந்தா ஈரத்தைக் குடிக்கும், தின்னுராதிய, தின்னக் கூடாதுன்னு அதுலயே போட்டிருக்கு. மோதிரத்துல இருந்தா குடிச்ச தண்ணிய வயித்துக்குள்ள வச்சுக்கிட்டு மின்னும். நாங்க நெல் உமிச் சாம்பல்ல இருந்து இதை எடுத்து உங்க நடுச்சுவத்துல வச்சிருக்கோம். உள்ளுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத ஓட்டை, கோடிக் கணக்குல. சாயந்திரத்துல இருந்து விடியிற வரைக்கும் ஈரத்தைக் குடிச்சுக்கிட்டே கெடக்கும். மத்தியானம் மாடியில இருந்து வெயில் சூட்டை உள்ள விடுவோம், குடிச்சதைக் கக்கும். அது குளுந்து தொட்டியில இறங்கி, ரெண்டு வீட்டுக்கும் சரிபாதியாப் பிரியும்.”

“எந்த ஈரத்தைம்மா?” என்று ஒருவர் கேட்டார்.

“எல்லா ஈரத்தையும்தான் மாமா. கடக்காத்து, சோறு கொதிக்கிற ஆவி, குளிக்கிற ஆவி, நீங்க விடுற மூச்சு. சுவருக்குப் பேதம் கிடையாது. ஒண்ணு மட்டும் கேட்டுக்கிடுங்க. சுவத்துல பெயிண்ட் அடிக்கவே கூடாது. சுவத்தைக் கெடுத்தா வீட்டு ஒதுக்கீடு ரத்து.”

குற்றாலிங்கத்தின் காதில் கடைசிப் பகுதி பாதிதான் விழுந்தது. அவர் பக்கத்து வீடு யாருக்கு விழுந்திருக்கிறது என்று பட்டியல் பலகையில் தேடிக்கொண்டிருந்தார். ‘அமலோற்பவம்’ என்று இருந்தது. கடலுக்குப் போகும் குடும்பம். புருஷன் சூசை, வளர்ந்த மகன் ரெமிஜியுஸ், இன்னும் சின்னதுகள், படுக்கையும் நாற்காலியுமாக மாமனார் கஸ்பார், இடையில் ஒரு நாத்தனாரும் அவள் பிள்ளைகளும். இந்தப் பக்கமோ குற்றாலிங்கம், அவர் மனைவி பிரமு இரண்டே பேர்.

முதலில் அவருக்கு இது லாபக் கணக்காகத்தான் பட்டது. “அந்தப் பக்கம் ஆள் ஜாஸ்தி, ஆவியும் ஜாஸ்தி. தண்ணி மட்டும் சரிபாதி. நமக்கு யோகம்தான் பிரமு” என்று சொல்லிச் சிரித்தார்.

ஒரு நாள் காலையில் பல் தேய்த்து வாய் கொப்பளிக்கும்போதுதான் அந்தச் சொல் வந்து குத்தியது. மூச்சு. வாய்க்குள் தண்ணீரை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். இத்தனை வருடம் பிளாஸ்க்கைத் தோளில் சுமந்து ஊர் ஊராகத் திரிந்தது எதற்கு? இப்போது பக்கத்து வீட்டில் ஒன்பது பேர் விட்ட மூச்சையும் அவர்கள் குளித்த ஆவியையும் வடிகட்டி அவர் வாய் கொப்பளிக்கிறார். துப்பலாமா விழுங்கலாமா என்று தெரியாமல், கடைசியில் துப்பினார்.

அன்று மத்தியானமே கடைக்குப் போய் எண்ணெய்ப் பெயிண்ட் வாங்கி வந்தார். பிஸ்தா பச்சை.

“சுவத்துல பெயிண்ட் அடிக்கக் கூடாதுன்னு அந்தப் பிள்ள படிச்சுப் படிச்சுச் சொல்லிச்சே” என்றாள் பிரமு.

“அது அழகு கெட்டுப் போகும்னு சொல்லியிருக்கும். அதுவும் ஆளுக்கு ஒரு கலர் அடிச்சா வாரியத்துக்குப் பிடிக்காது. நம்ம வீட்டுக்குள்ள நம்ம அடிச்சா யாருக்குத் தெரியப்போவுது?”

“இப்ப எதுக்கு அடிக்கிய?”

“அந்தப் பக்கத்து ஆவி இந்தப் பக்கம் வந்துரக் கூடாது பாரு.”

பிரமு அவரை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பிளாஸ்க்கைக் கழுவி வைப்பவள் அவள். உள்ளே போய்விட்டாள்.

இரண்டு கோட்டிங் அடித்து முடித்ததும் குற்றாலிங்கத்துக்கு அப்படி ஒரு நிம்மதி. அடுத்த சில நாட்கள் தொட்டியில் தண்ணீர் குறைந்தது. புதுப் பெயிண்ட், சுவர் பழக வேண்டும் என்று பிரமுவுக்கு விளக்கம் சொன்னார். அவர் சொன்னது போலவே ஒரு வாரத்தில் தண்ணீர் பழைய அளவுக்கு ஏறியும் விட்டது. அதோடு நிற்கவில்லை. அந்தத் தண்ணீரில் இப்போது ஒரு மெல்லிய வாசம் வந்தது. இதமான, தொண்டைக்குச் சுகமான வாசம்.

“சுக்கு தட்டிப் போட்டியா?” என்று கேட்டார்.

“ம்” என்றாள் பிரமு.

“பாத்தியா, கலப்படம் இல்லாத தண்ணின்னா இதான். நம்ம வீட்டுச் சொந்தத் தண்ணி.”

அதிலிருந்து அவருக்குத் தண்ணீர் குடிப்பதே ஒரு பொழுதுபோக்கு ஆகிவிட்டது. நூலகத்துக்குப் போகும்போது பிளாஸ்க் நிறைய எடுத்துப் போவார். அங்கே வரும் தன் வயதுச் சோட்டு ஆட்களிடம் மூடியில் ஊற்றிக் கொடுத்து, “எப்படி?” என்று புருவத்தைத் தூக்குவார். அவர் கொடுப்பார், வாங்க மாட்டார். அதைக் கவனித்தவர்களும் தண்ணீர் நன்றாக இருந்ததால் கவனிக்காதது போல இருந்துகொண்டார்கள்.

சாயந்திரமானால் அவர் நூலகம் போவதும், பிரமு அம்மன் கோயில் போவதும் வழக்கம். ஒரு சாயந்திரம் பாதி வழியில் செருப்பு வார் அறுந்துவிட்டது. முணுமுணுத்துக்கொண்டே காலைத் தேய்த்துத் திரும்பி வந்தார். பக்கத்து வீட்டு வாசலில் ரெமிஜியுஸ் மூன்று சக்கர வண்டியிலிருந்து நீலக் கேன்களை இறக்கிக்கொண்டிருந்தான். ஒரு கேன் தளும்பி அவர் காலில் தெறித்தது. குனிந்து தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்காத குறைதான்; வாசத்திலேயே தெரிந்தது, கடல் தண்ணீர். சன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். வீட்டுக்குள் நடுச்சுவர் முழுக்கக் கயிறு கட்டி, பழைய படகுப் பாய்களைக் கடல் தண்ணீரில் நனைத்து வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். சொட்டுச் சொட்டாக வடிந்துகொண்டிருந்தது.

அவருடைய சுவரில் உப்புத் தண்ணீரா! உப்பு ஏறினால் சுவர் பொரிந்து உதிரும். அப்புறம் அந்தச் சுக்கு வாசத் தண்ணீர் ஏது? வீட்டுக்குள் போய் அதே வேகத்தில் வாரியத்துக்குப் போன் போட்டார்.

“பக்கத்து வீட்டுக்காரங்க சுவத்துல கடத்தண்ணிய வடிய விடுறாங்க. அவுகளை வேற எங்கயாவது மாத்திருங்க.”

“மாத்துறதெல்லாம் இல்ல சார். சுவத்தைக் கெடுத்தது யாருன்னு உறுதியாச்சுன்னா அந்த வீட்டு ஒதுக்கீடு ரத்து. தெரியும்லா?”

“தெரியும், தெரியும். அதுக்குத்தான் சொல்லுதேன்.”

பிரமு வந்ததும் வராததுமாக விஷயத்தைச் சொன்னார். அவள் சேலை முந்தி ஈரமாக இருந்ததை அவர் பார்க்கவில்லை.

“ரத்தா?” என்றாள்.

“ஆமா. நாளைக்கு வாராங்க.”

பிரமுவுக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த குங்குமப் பொட்டலம் கசங்கிவிட்டது. “அந்த வீட்டுல சின்னப் பிள்ளைய இருக்கு. கட்டில்ல கெடக்குற மனுசன் ஒருத்தரு இருக்காரு” என்றாள்.

“அதுக்கு? சுவரு அவுக அப்பன் வீட்டுச் சுவரா?”

“இல்ல. உங்க அப்பன் வீட்டுச் சுவரும் இல்ல. நாளைக்கு அவுக வரும்போது நானும் கூட இருப்பேன்” என்று சொல்லிவிட்டு அவருக்குச் சோறு போட்டாள். அன்று ரசம் மட்டும்தான், அதில் உப்பும் இல்லை. அவர் அதையே ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்தார்.

மறுநாள் வந்தது ராபியாவேதான். விரலில் அதே மோதிரம். குற்றாலிங்கம் வாசலிலேயே நின்று வரவேற்று, தன் வீட்டுக்குள் விடாமல் நேரே பக்கத்து வீட்டுக்கு அழைத்துப் போனார். அந்த வாசற்படியை அவர் தாண்டுவது அதுதான் முதல் தடவை. பின்னாலேயே பிரமுவும் வந்தாள். அவள் தாண்டிய விதத்தைப் பார்த்தால் அது முதல் தடவை மாதிரித் தெரியவில்லை; இருட்டில்கூட எந்த இடத்தில் செருப்பை விட வேண்டும் என்று தெரிந்தவள் போல விட்டாள்.

அமலோற்பவம் அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். “வாங்க அண்ணாச்சி! வாங்கக்கா!” என்று முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னவள், அடையாள அட்டை மாட்டிய பெண்ணைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

“ஒண்ணுமில்லக்கா. இந்தச் சார் புகார் சொல்லியிருக்காரு. நீங்க சுவத்துல கடத்தண்ணி விடுறியளாம்” என்றாள் ராபியா.

அமலோற்பவத்தின் சிரிப்பு அணைந்தது. குற்றாலிங்கத்தை ஒரு தரம் பார்த்தாள், அப்புறம் பிரமுவைப் பார்த்தாள். மூலையில் நாற்காலியில் கஸ்பார் உட்கார்ந்திருந்தார். ஒரு காலத்தில் சங்கு குளித்தவர். இப்போது தலையணை இல்லாமல் உட்கார முடியாது. “யாரு வந்திருக்கா? வாரியமா? தண்ணி செத்துப் போச்சுன்னு சொல்லு. பல மாசமா அதுல சாரமே இல்ல” என்றார்.

“மாமா, சும்மா இருங்க” என்றாள் அமலோற்பவம்.

ராபியா பாய்களைத் தூக்கிப் பார்த்தாள். பாய்க்கும் சுவருக்கும் நடுவில் ஒரு முழ இடைவெளி இருந்தது. வடிவதைப் பிடிக்கக் கீழே நீளத் தகரத் தட்டுகள். சுவரைத் தொட்டாள், கையைத் துடைத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். அவள் முகத்தில் சந்தேகம் போய் ஆச்சரியம் வந்தது.

“யாருக்கா இதைச் சொல்லிக் கொடுத்தது?”

“யாரும் சொல்லலைம்மா. தண்ணி குறைஞ்சுது. எங்க வீட்டுக்காரவுகதான், ஈரத்தைத்தான குடிக்குது, நம்மகிட்ட இல்லாத ஈரமா, கடல் முழுக்கக் கெடக்கேன்னாவ. நனைச்சுக் கட்டினோம். உப்பு பாயிலயே தங்கிருது. அதை உதறிக் கருவாட்டுக்குப் போட்டுக்கிடுதோம்.”

“சுவருக்கு ஆவி மட்டும்தான் போகுது. ஒரு குத்தமும் இல்ல” என்று ராபியா சொன்னாள். குற்றாலிங்கத்துக்கு ஏமாற்றமாகிவிட்டது. ஆனால் அவள் அதோடு விடவில்லை. சுவரின் அடியில் பதித்திருந்த சின்ன அளவுமானியைக் குனிந்து பார்த்து, நெற்றியைச் சுருக்கினாள். “இந்தப் பக்கம் இவ்வளவு குடிச்சிருக்கு. அந்தப் பக்கம் ஒரு சொட்டுகூட குடிக்கலையே. ஏன் சார், உங்க பக்கம் பெயிண்ட் கியிண்ட் அடிச்சிருக்கியளா?”

“லேசா… ஒரு பிஸ்தா கலர்” என்றார் குற்றாலிங்கம்.

“லேசான்னா?”

“ரெண்டு கோட்டிங். எண்ணெய்ப் பெயிண்ட். இந்தப் பக்கத்து ஆவி எங்க பக்கம் வந்துரக் கூடாதுன்னு…” சொல்லி முடிக்கும்போதே அந்த அறையில் சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று அவருக்கே உறைத்தது.

ராபியா நிமிர்ந்து நின்று அவரைப் பார்த்தாள். அதட்டவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வது போல மெதுவாகவே சொன்னாள். “சார், இது ரெண்டு வாய் உள்ள சுவரு. நீங்க உங்க பக்கத்து வாயை அடைச்சுட்டிய. அப்புறம் அது அந்தப் பக்கத்து வாயாலதான குடிக்கும்? குடிச்சதைத் தொட்டியில சரிபாதியாப் பிரிச்சுக் கொடுக்கும். முன்னால நீங்க குடிச்சதுல பாதியாவது உங்க வீட்டு ஈரம். பெயிண்ட் அடிச்ச நாள்ல இருந்து நீங்க குடிச்சது அத்தனையும் இந்த வீட்டுத் தண்ணி.”

குற்றாலிங்கம் அறையைச் சுற்றிப் பார்த்தார். நனைந்த பாய்கள், தகரத் தட்டில் பூத்த உப்பு, அடுப்பின் மேல் ஒரு பெரிய பானை. அந்தப் பானையிலிருந்து வந்த வாசம் அவருக்கு நன்றாகத் தெரிந்த வாசம்.

“அது என்ன பானையில?” என்று கேட்டார்.

“சுக்குக் காப்பிக்குத் தண்ணி அண்ணாச்சி. கடலுக்குப் போறவங்களுக்குத் தினம் கொதிக்கும்.” அமலோற்பவம் தயங்கி, “மீனு மட்டும் பின்னால கொல்லையில வச்சுப் பொரிச்சுக்கிடுதேன். வாசம் சுவருக்குப் போயி உங்களுக்கு ஒத்துக்காமப் போயிரும்னு அக்கா சொன்னாவ” என்றாள்.

அவர் பிரமுவின் பக்கம் திரும்பினார். பிரமு கண்ணைத் தாழ்த்தவில்லை. “சாயந்திரம் நான் கோயில்ல சும்மா தலையத்தான் காட்டுதேன். இங்க வந்து பாய் பிழியுதேன். ஒரு வீட்டுத் தொட்டிய நெறைக்கணும்னா ரெண்டு வீட்டுக்கும் சேத்து நனைக்கணும். இவளுக்குக் கை ஒழியுமா? உங்க மேல புகார் சொல்லுன்னு நானே சொன்னேன். வயசான காலத்துல வீடு போனா எங்க போவீங்கன்னு இவதான் சொல்ல மாட்டேன்னுட்டா” என்றாள்.

ராபியா கையிலிருந்த கருவியைத் திறந்தாள். “புகார் வந்திருச்சு. நான் ஏதாவது பதியணும். சுவத்தைக் கெடுத்தது யாரு?”

அமலோற்பவம் முந்திக்கொண்டாள். “கெடுத்ததுன்னு ஏன் எழுதணும்மா? எங்க வீட்டுச் சத்தம் அண்ணாச்சிக்குத் தொந்தரவு. ரெண்டு வீடும் பேசித்தான் அந்தப் பக்கத்தை அடைச்சோம். அதுக்கு ஈடாத்தான் இந்தப் பக்கம் பாய் கட்டுதோம். தண்ணியும் குறையல, சுவரும் நல்லாத்தான இருக்கு. அப்படிப் போட்டுக்கிடேன்.”

கெட்டிக்காரத்தனமான பேச்சு. ராபியாவே ஒரு நிமிடம் யோசித்தாள். “ரெண்டு வீடும் சம்மதிச்சதுன்னா வேற விதி. யாருக்கும் ரத்து வராது. அப்படியா சார்?”

தலையை ஆட்டினால் போதும். வீடு தப்பித்துவிடும். குற்றாலிங்கம் விற்பனையில் பழம் தின்று கொட்டை போட்டவர்; இதைவிடப் பெரிய பொய்களைச் சிரித்த முகத்தோடு தலையாட்டி முடித்திருக்கிறார். ஆனால் நேற்று யாரைத் தெருவில் நிறுத்தப் பார்த்தாரோ அவளே இன்று அவருக்குக் கூரை பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அந்தக் கூரைக்கு அடியில் அவரால் நிமிர்ந்து நிற்க முடியவில்லை. வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாக அவருடைய தொண்டையில் நிஜமாகவே கோளாறு.

அமலோற்பவம் தம்ளரில் தண்ணீர் மொண்டு நீட்டினாள். நீட்டிய பிறகுதான் நினைவு வந்தது போல, “அண்ணாச்சி வாங்கிக் குடிக்க மாட்டாவல்லா” என்று கையை இழுக்கப் போனாள். அதில் குத்தல் ஒன்றும் இல்லை. ஒருவருக்குச் சர்க்கரை ஆகாது என்று சொல்வது போலத்தான் சொன்னாள்.

குற்றாலிங்கம் அந்தத் தம்ளரை அவள் கையிலிருந்து வாங்கினார். அண்ணாந்து ஊற்றாமல், விளிம்பில் வாய் வைத்துக் குடித்தார். அதே சுக்கு வாசம். பல மாதமாக அவர் ஊரெல்லாம் மூடியில் ஊற்றிப் பெருமையடித்த அதே தண்ணீர்.

“பெயிண்ட் அடிச்சது நான்தாம்மா. யாரையும் கேக்கல. இவுக சொல்லுறது எல்லாம் என்னையக் காப்பாத்தச் சொல்லுறது. ரத்துன்னா எனக்குப் போடு” என்றார்.

ராபியா அவரையும் காலித் தம்ளரையும் மாறி மாறிப் பார்த்தாள். மோதிரத்தை விரலில் ஒரு சுற்றுச் சுற்றினாள். “சுவருக்கு மூச்சு திரும்ப வந்துட்டா கெட்டுப் போச்சுன்னு நான் எழுத வேண்டியதில்ல. மருந்து ஊத்திக் கரைக்கக் கூடாது. உப்புத்தாள் வச்சுக் கையாலயே தேய்ச்சு எடுக்கணும், ரெண்டு கோட்டிங்கும். முடியுமா?”

“பல்லுத் தேய்க்கிறதைத்தான் நான் ஊருக்கே சொல்லிக் கொடுத்தேன். சுவத்தைத் தேய்க்க மாட்டேனா?” என்றார் அவர். சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார், கண்தான் கலங்கியது.

“அதோட இன்னொண்ணு. இவங்க எத்தனை மாசம் உங்களுக்கும் சேத்துப் பாய் நனைச்சாங்களோ, அத்தனை மாசம் நீங்க அவங்களுக்கும் சேத்து நனைக்கணும். இது விதியில இல்ல. நான் சொல்லுதேன்.”

“கேன் நான் கொண்டாந்து போடுதேன் மாமா” என்றான் ரெமிஜியுஸ்.

பெயிண்டைச் சுரண்ட குற்றாலிங்கத்துக்கு ஒரு வாரம் பிடித்தது. பிஸ்தா பச்சைத் தூசியில் அவர் புருவம் முதற்கொண்டு கிளி மாதிரி ஆகிவிட்டது. தும்மித் தும்மி மூக்கு சிவந்தது. கேலி செய்ய அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் வாசலில் வரிசை கட்டின. பிரமு அவர்களை விரட்டவில்லை, உட்காரப் பலகை எடுத்துப் போட்டாள்.

அப்புறம் பாய், இந்தப் பக்கத்துச் சுவரில். நனைந்த படகுப் பாய் என்ன கனம் கனக்கும் என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. சாயந்திரம் நூலகம் போவதை நிறுத்திவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பிழிந்தார். இடுப்பு பிடித்துக்கொண்டது. “விற்பனைப் பிரதிநிதிக்கு வந்த வேலையப் பாரு” என்று தினமும் அலுத்துக்கொண்டார். ஆனால் பிழியும் நேரம் தவறவில்லை. உதிர்ந்த உப்பை என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு டப்பாவில் சேர்த்து வைத்து, பிறகு கருவாட்டுக்கு ஆகுமே என்று அமலோற்பவத்திடம் கொண்டுபோய்க் கொடுத்தார். கொடுத்துவிட்டு வரும்போது, அவளே நீட்டாத போதும், “ஒரு தம்ளர் தண்ணி கொடு தாயி” என்று வாங்கிக் குடித்துவிட்டு வருவார். பிளாஸ்க்கை ரெமிஜியுஸிடம் கொடுத்துவிட்டார். கடலுக்குப் போகிறவனுக்கு அது ஆகும்.

ஒரு நாள் காலை, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அமலோற்பவத்தின் குரல் கேட்டது.

“அண்ணாச்சி! தண்ணியில பெருங்காய வாசம் வருது!”

குற்றாலிங்கத்துக்குப் பக்கென்றது. முந்தாநாள் ராத்திரி பிரமு வைத்த ரசம். இப்போது சுவரின் இரண்டு வாயும் திறந்து கிடக்கிறது; இந்தப் பக்கத்து அடுப்படி அப்படியே அந்தப் பக்கத்துத் தம்ளருக்குள் போயிருக்கிறது. தன் வீட்டு வாசம் இன்னொரு வீட்டுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகும் என்று அவர் ஆயுளில் நினைத்துப் பார்த்ததே இல்லை. அடுத்தவர் முகத்தைச் சுளித்தால் எப்படி இருக்கும் என்று அந்த ஒரு நொடியில் தெரிந்துவிட்டது.

“ஐயோ, தப்பா எடுத்துக்கிடாத தாயி. இன்னைல இருந்து பெருங்காயம் போட வேண்டாம்னு சொல்லிருதேன்!”

“எதையாவது செஞ்சு வச்சிராதிய! எங்க மாமா ரெண்டு தம்ளர் குடிச்சாச்சு. இந்த வீட்டுக்கு வந்த நாள்ல இருந்து அவுகளுக்கு இந்த வாசம்தான். நீங்க பெயிண்ட் அடிச்ச பிறகு அது நின்னு போச்சு. அன்னைல இருந்து தண்ணி செத்துப் போச்சு, சாரமே இல்லைன்னு சோறும் சரியாத் தின்னல. இப்பத்தான் உசிரு வந்திருக்குன்னு உக்காந்து சிரிக்காவ. நீங்களே கேளுங்க!”

சுவரின் மேல் காதை வைத்தார் குற்றாலிங்கம். ராத்திரி ஈரம் குடித்த சுவர் காலை நேரத்துக் குளிர்ச்சியோடு இருந்தது. அந்தப் பக்கத்தில் ஒரு கிழவர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் ஊற்று என்று கேட்பது காதில் விழுந்தது.

அவர் அடுப்படிப் பக்கம் திரும்பினார். “ஏ பிரமு” என்று கூப்பிட்டார். “இன்னைக்கும் ரசமே வச்சிரு. பெருங்காயம் கொஞ்சம் கூடவே போடு.”